உள்ளான் வேட்டையும் தோட்டத் தமிழரும்

கோலசிலாங்கூரின் மலாவதிக் குன்றின்மேல் நின்று மேற்கே நோக்கினால், சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்குமிடமும் கண்டற்காடும் சேற்றுக்கரையும் தோன்றும். வடபுலக் குளிருக்கு அஞ்சி ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் இங்கு வந்து தங்கும் பறவைகள் பலவாகும். அவற்றுள் உள்ளான் வேட்டையாடுவோரின் விருப்பத்துக்குரியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நெல்வயல்களில் உள்ளான் சுடுதல் துரைமாரின் ஓய்வுநாள் விளையாட்டாக இருந்தது. 1930-களில் தஞ்சோங் காராங் சதுப்பு நிலத்தை வயலாக்கும் நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கப்பெற்று, வட சிலாங்கூரில் நெல்வெளி விரிந்தது. அதற்கு அணித்தே இருந்தன தமிழர் உழைத்த இரப்பர் தோட்டங்கள்.

துரையின் கையில் துப்பாக்கி. தொழிலாளியின் கையிலோ இரப்பர்க் கவணும் கண்ணியுமே. விடியலிற் பெரட்டு, பின் பால்வெட்டு என்று கழியும் வாழ்வில், ஓய்வுப் பொழுதில் மகனை உடன்கொண்டு வாய்க்கால் ஓரம் நடப்பதே அவனுக்கு வேட்டையாயிற்று. கானாங்கோழி கிட்டினால் குழம்பாகும்; கிட்டாவிடினும் குறையில்லை. எப்பறவை எப்பருவத்தில் வரும், எவ்வொலி எதனுடையது என்பவற்றை ஏடின்றியே சிறுவன் கற்றான். கானாங்கோழி மலாயில் ருவாக்-ருவாக், சிறகி பெலிபிஸ், உள்ளான் பெர்க்கெக், கொக்கு பாங்காவ் என இரு மொழிப் பெயர்களும் அவனுக்கு ஒருங்கே வாய்த்தன.

1948-ல் அவசர காலம் பிறந்ததும் நிலைமை மாறியது. உரிமமின்றித் துப்பாக்கி ஏந்துதல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தோட்டக் குடியிருப்புகள் பல ஒருங்கு திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அமைந்தன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் வந்தன. தந்தையும் மகனும் நினைத்தபோது சதுப்பை நாடிச் செல்லுதல் எளிதன்று என்றாயிற்று. அவசர காலம் 1960-ல் முடிவுற்றது.

விலங்கும் பறவையும் அருகுவதை ஆராயத் தியடோர் ஹபேக் தலைமையில் 1930-ல் அமைந்த ஆணையம் 1932-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. பின்னர் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் தோன்றின. காப்புப் பெற்ற பறவையை உரிமமின்றிப் பிடித்தல் இன்று குற்றமாகும். ஆற்றின் முகத்துவாரத்தில் 1987-ல் இயற்கைப் பூங்காவும் அமைந்தது.

பறவையைக் காக்கச் சட்டம் வேண்டியதே. ஆயினும் வேட்டையோடு அது தந்த கல்வியும் நீங்கியது. இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. தோட்ட மக்கள் பலர் நகர் சேர்ந்தனர். நெய்தல் திணைப் பாடல்களில் குருகையும் நாரையையும் படிக்கும் மாணவன், அவற்றை உயிரோடு கண்டறியாதவனாய் இருத்தல் கூடும். கவணைக் கைவிட்டுக் கண்ணால் மட்டும் வேட்டையாடக் கோலசிலாங்கூர்ப் பூங்கா திறந்தே இருக்கிறது. தந்தை நடந்து கற்பித்ததை ஆசிரியர் அங்கே அழைத்துச் சென்று கற்பித்தால், அப்பெயர்கள் நூலோடு நின்றுவிடா.