நிலாவுக்கு இரண்டு வழி

1865-இல் ஜூல்ஸ் வெர்ன் தன் நாவலில் மூன்று பேரைப் பீரங்கியில் போட்டு நிலாவுக்குச் சுட்டார். ஃப்ளோரிடா மண்ணில் 900 அடிக் குழாய், அடியில் 4 லட்சம் பவுண்டு வெடிப்பஞ்சு, மேலே அலுமினியக் குண்டு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் கணக்கு இது: 274 மீட்டருக்குள் நொடிக்கு 11 கி.மீ. வேகம் பிடிக்க முடுக்கம் எவ்வளவு வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல 22 ஆயிரம் மடங்கு வருகிறது. ஆட்கள் கூழாகியிருப்பார்கள். அதிர்ச்சியைத் தாங்க வெர்ன் வைத்த தண்ணீர் மெத்தை எந்த மூலைக்கு!

1901-இல் எச்.ஜி. வெல்ஸுக்கு இந்த வம்பே இல்லை. ஈர்ப்பை மறைக்கும் ‘கேவரைட்’ என்று ஒரு பொருளைக் கற்பித்து, அதனால் ஆன மறைப்புகளைக் கோளத்தைச் சுற்றிப் பொருத்தி ஆளை ஏற்றிவிட்டார். வெர்னுக்கு வந்ததே கோபம். ‘நான் வெடிமருந்து வைத்தேன், அந்த உலோகத்தை அவர் காட்டட்டும்’ என்கிற தொனியில் வயதான காலத்தில் ஒரு பேட்டியில் பொரிந்தார். வெல்ஸ் மறுக்கவில்லை. தன் கதைகள் வெர்னுடையவை போன்ற முன்கணிப்புகளே இல்லை, ஃபேண்டஸிதான் என்று 1933-இல் ஒரு முன்னுரையில் எழுதிவிட்டார்.

அதற்கு முன்பே, 1926-இல், ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தன் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ முதல் இதழில் இருவரையும் சேர்த்தே அச்சிட்டிருந்தார். பாகப்பிரிவினை செய்தவர் ஜான் கேம்ப்பெல். ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியரான அவர், 1939-இல் ஃபேண்டஸிக்கென்றே ‘அன்னோன்’ இதழைத் தொடங்கினார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் 1943-இல் அது நின்றது.

1940-இல் டி காம்ப், பிராட் என்ற இரு எழுத்தாளர்கள் ‘அன்னோன்’ இதழில் எழுதிய கதையில், ஹெரால்ட் ஷே என்ற உளவியலாளர் தர்க்கச் சூத்திரங்களைச் சொல்லியே நார்ஸ் தெய்வங்களின் உலகத்துக்குப் போய்ச் சேர்கிறார். கொண்டுபோன தீக்குச்சி அங்கே பற்றவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. மந்திரம் பலிக்கிறது.

இங்கேதான் அறிவியல் புனைகதைக்கும் ஃபேண்டஸிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபடுகிறது. வெர்னின் தப்பை என் கரும்பலகையிலேயே பிடிக்கலாம். அவர் நம் உலகத்து விதிக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டவர். தீக்குச்சி ஏன் பற்றவில்லை என்று ஷேயை நான் கேட்க முடியாது. அந்த உலகத்தின் விதியைக் கதையே நடுவில் மீறினால்தான் கேட்கலாம். கண்டிப்பு இரண்டுக்கும் உண்டு. எந்த விதிப்புத்தகம் என்பதுதான் வேறு. வெல்ஸோ ஒரேயொரு பொய்க்குச் சலுகை வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கெல்லாம் நம் இயற்பியலையே பின்பற்றுகிறார். அதனால்தான் அவரே ஃபேண்டஸி என்று எழுதிக் கொடுத்த பிறகும் நூலகங்கள் அவரை அறிவியல் புனைகதை வரிசையில் வைக்கின்றன.