'செக்' என்னும் சொல்லும் இங்கிலாந்தின் கணக்கு மேசையும்

ஆங்கிலத்தில் நாளாந்தம் வழங்கும் 'செக்' என்னும் சொல் தடுத்தலையும், சரிபார்த்தலையும், கட்டமிட்ட துணியையும், எழுத்தில் சிறிது வேறுபட்டு வங்கிக் காசோலையையும் குறிக்கின்றது. ஒன்றோடொன்று தொடர்பற்றனபோலத் தோன்றும் இப்பொருள்கள் யாவும், அரசன் எனப் பொருள்படும் 'ஷா' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து கிளைத்தவையாகும். சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அராபியர் வழியாக ஐரோப்பாவுக்கும் சென்றபோது, எதிரியின் அரசனைத் தாக்குமிடத்து 'ஷா' எனக் கூறி எச்சரிக்கும் வழக்கமும் உடன் சென்றது. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக அச்சொல் ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று.

எனினும், இச்சொல்லின் வரலாற்றில் கூடிய கவனத்துக்குரியது விளையாட்டன்று, வரிக்கணக்கேயாகும். முதலாம் ஹென்றியின் ஆட்சிக்காலத்தில் (1100 - 1135) இங்கிலாந்தின் அரசிறைத் துறை ஒழுங்குபெற்றது. அரசனுக்குரிய வருவாயைத் திரட்டிய ஷெரிப்புகள் ஆண்டில் இரு தடவைகள், உயிர்த்த ஞாயிறையும் மிக்கேல் திருநாளையும் ஒட்டிக் கணக்கொப்புவித்தல் வேண்டும். பத்தடி நீளமும் ஐந்தடி அகலமுங் கொண்ட மேசைமீது கோடுகளிட்ட கருந்துணி விரிக்கப்பட்டது. அதன் தோற்றம் சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால் அத்துறைக்கே 'எக்ஸ்செக்கர்' என்ற பெயர் நிலைத்தது. பென்ஸ், ஷில்லிங், பவுண், இருபது பவுண், நூறு, ஆயிரம் என நிரல்கள் வகுக்கப்பட்டு, அவற்றில் காய்களை வைத்தும் எடுத்தும் கணக்கிட்டனர். உரோம எண்களைக்கொண்டு கூட்டிக் கழித்தல் எளிதன்று. இம்மேசையிலோ, எழுத்தறியாத ஷெரிப்பும் தன் கடன் கூடுவதையும் குறைவதையும் கண்ணாற் காணலாம். பொக்கிஷதாரராயிருந்த ரிச்சார்ட் பிட்ஸ்நீல், 1170களின் பிற்பகுதியில் இலத்தீனில் எழுதிய உரையாடல் நூலிலே, இவ்வமர்வைப் பொக்கிஷதாரருக்கும் ஷெரிப்புக்குமிடையே நிகழும் சதுரங்கப் போருக்கு ஒப்பிடுகின்றார். உவமை சிறந்ததே, ஆயினும் சதுரங்கத்தில் அரசர் இருவர், இம்மேசையிலோ ஒருவரே.

தாக்கப்பட்ட அரசன் ஏனைய நகர்வுகளை விடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருத்தலால், 14ஆம் நூற்றாண்டளவில் தடுத்தல் என்னும் பொருள் தோன்றியது. சரிபார்த்தற் பொருள் அதற்குப் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டின் அரசியல் எழுத்தாளர், அதிகாரத்தை அதிகாரத்தாலேயே தடுக்கும் ஏற்பாட்டுக்கு இச்சொல்லை ஆண்டனர். 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு அவ்வேற்பாட்டைத் தழுவியது. அரசனின் பெயராயிருந்த சொல், ஆள்வோருக்கு இடும் கடிவாளத்தின் பெயராகியமை மனங்கொள்ளத்தக்கது.

வங்கி வழக்கும் அந்நூற்றாண்டுக்குரியதே. மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டையே முதலில் 'செக்' எனப்பட்டது. பின்னர் பணப்பத்திரம் அப்பெயரைப் பெற்றது. பிரித்தானியர் எக்ஸ்செக்கரின் சாயலில் அதன் எழுத்தை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கர் பழைய எழுத்தை விடவில்லை. தமிழிலே நாம் வழங்கும் 'காசோலை'யில் அரசனுமில்லை, பலகையுமில்லை; ஓலையே உண்டு.