எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்த கோப்பு

"டாக்டர் மேல மெடிக்கல் கவுன்சில்ல புகார் கொடுத்தா, விசாரணையில என்ன நடந்ததுன்னு நோயாளிக்குத் தெரியுமா சார்?" போன வாரம் ஓ.பி.யில் ஒருத்தர் கேட்டார். இதுக்கு இங்கிலாந்தில் ஒரு கதை இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1975. டாட்மோர்டன் என்கிற சின்ன ஊர். ஹரால்டு ஷிப்மேன் என்ற இளம் டாக்டர், நோயாளிகள் பேரில் பெத்தடின் சீட்டு எழுதி, அதை வாங்கித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். (பெத்தடின் மார்ஃபின் வகையறா. பிரசவ வலிக்குப் போடுவோமே, அதேதான்.) கூடவே வேலை பார்த்த டாக்டர்கள் பிடித்துவிட்டார்கள். 1976 பிப்ரவரியில் நீதிமன்றம் 600 பவுண்டு அபராதம் போட்டது.

அது திறந்த நீதிமன்றம். யார் வேணாலும் போய் உட்காரலாம். அடுத்து வழக்கு போன இடம் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், அதாவது அந்த நாட்டில் டாக்டர்களுக்கு உரிமம் தருகிற அமைப்பு. அங்கேதான் கதவு மூடியது.

அந்தக் காலத்தில் கவுன்சிலின் ஒழுங்கு விசாரணை வெளிப்படையாகத்தான் நடக்கும். ஆனால் ஒரு வழக்கு அதுவரைக்கும் போகணுமா வேண்டாமா என்று முடிவு பண்ண முன்னாடியே ஒரு குழு இருந்தது. அது காகிதத்தை வைத்து, மூடிய அறையில் முடிவெடுக்கும். ஷிப்மேன் கோப்பில் மனநல மருத்துவர்களின் அறிக்கைகள் இருந்தன. குழு படித்தது, ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, கோப்பை மூடியது. உரிமம் அப்படியே இருந்தது.

1977இல் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்த்துக்கொண்ட டாக்டர்களிடம் பழைய கதையை அவரே சொல்லிவிட்டார். ஆக, கூட வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், கவுன்சிலுக்குத் தெரியும். கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட பாட்டிகளுக்கு மட்டும் தெரியாது. 1990களில் தனி கிளினிக் வைத்தார், 3000 பேருக்கு மேல் நோயாளிகள். ஊரே கொண்டாடிய டாக்டர்.

1998 மார்ச். எதிர் கிளினிக் டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அப்போது அங்கே உடலை எரியூட்ட இரண்டாவது டாக்டர் ஒருவரின் கையெழுத்தும் தேவைப்பட்டது. ஷிப்மேனின் படிவங்கள் கையெழுத்துக்கு இவங்க கிளினிக்குக்குத்தான் வரும். அளவுக்கு மீறி வந்துகொண்டே இருந்தன. மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார், போலீஸ் விசாரித்தது. அவருக்குப் பழைய தண்டனை ஏதாவது இருக்கா என்று போலீஸ் பார்க்கவே இல்லை. கவுன்சிலிடமும் கேட்கவில்லை. ஏப்ரலில் விசாரணையை முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர் செத்தார்கள். கடைசி ஆள் 81 வயது கேத்லீன் கிரண்டி. சொத்தையெல்லாம் டாக்டருக்கு எழுதிவைத்த மாதிரி ஓர் உயில் வந்தது. அவருடைய மகள் வழக்கறிஞர். பார்த்ததுமே போலி என்று சந்தேகப்பட்டார். அப்படித்தான் மாட்டினார் ஷிப்மேன். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை ஆணையம் 2002இல் சொன்ன எண்ணிக்கை 215. ஆயுதம் டயமார்ஃபின், பெத்தடினுக்குப் பங்காளி.

1976 கோப்பைப் பார்த்து "இவன் கொலைகாரன்"னு யாராலும் சொல்லியிருக்க முடியாது. பெத்தடினுக்கு அடிமையான டாக்டருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன். புகார் வந்த அன்றைக்கே பெயரை வெளியே விட்டால் நிரபராதி டாக்டர் காலி, புகார் கொடுத்த நர்ஸும் காலி. புகார்னு கேட்டாலே எனக்கும் வயிற்றைக் கலக்கும்தான். விசாரணை நடக்கும்போது ரகசியம் சரி. குற்றம் உறுதியாகி முடிவும் எடுத்த பிறகு எதுக்கு ரகசியம்? 2004இல் ஜேனட் ஸ்மித்தும் கவுன்சிலைக் கடுமையாகவே சாடினார்: நோயாளிகளைவிட டாக்டர்கள் நலனைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது என்று.

இன்றைக்கு அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் டாக்டர் பேரைத் தட்டினால், அவர் இப்போது இடைநீக்கத்தில் இருக்காரா, நிபந்தனை ஏதும் இருக்கா என்று யாரும் பார்க்கலாம். டாக்டரின் சொந்த உடல்நலம் பற்றிய விவரங்களை மட்டும் வெளியிடமாட்டார்கள். போதைப் பழக்கமும் அந்தக் கணக்கில்தான் வரும்.