வரையறாப் பதிலிப்பெயர்

வரையறாப் பதிலிப்பெயர் என்பது ஆளையோ பொருளையோ இன்னார், இன்னது என்று வரையறுக்காமல் குறிக்கும் சொல் ஆகும். ஆங்கிலத்தில் 'சம்வன்', 'எனிவன்', 'எவ்ரிவன்', 'நோபடி' முதலியனவும், தமிழில் யாரோ, யாராவது, எல்லோரும் முதலியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழும் உருதும் பேச்சிலும், ஆங்கிலம் ஏற்றுமதிக் கடிதங்களிலும் புழங்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழில் வட்டாரத்தில் இவற்றின் வேறுபாடுகளை நன்கு காணலாம்.

தமிழில் அமைப்பு

வினாப்பெயருடன் ஓ, ஆவது, உம் ஆகியவை சேர்ந்து இச்சொற்களுள் பல உருவாகின்றன. "யாரோ வந்திருக்கிறார்" என்பதில் வந்தது உறுதி, ஆள்தான் தெரியாது. "யாராவது வந்தார்களா?" என்பதில் வருகையே உறுதியில்லை. உருதுவில் இவ்விரண்டு இடத்திலும் 'கோயி' என்ற ஒரே சொல் வரும். "யாரும் வரவில்லை" என்பதில் உள்ள உம் முற்றும்மை ஆகும். தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் முற்றும் ஒன்று.

ஆங்கிலத்துடன் ஒப்பீடு

'நோபடி' என்பதற்கு நேரான தனிச்சொல் தமிழில் இல்லை. தமிழ் எதிர்மறையை வினையில் வைக்கிறது. ஆங்கிலம் பெயரிலேயே வைத்துவிடுகிறது. இதனால் தமிழர் பலர் "எனிவன் டிட் நாட் கம்" என்று எழுதிவிடுகின்றனர். "நோபடி கேம்" என்பதே சரி.

'எனிவன்' என்பதற்குத் தமிழில் ஒரே சொல்லை எங்கும் இட முடியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிகளில் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வளிமம் உருவாகக்கூடும். மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் உயிரிழக்க நேரும். எனவே அங்கு வைக்கும் எச்சரிக்கைப் பலகையில் "உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், பாதுகாப்புக் கருவியின்றி யாரும் இறங்கக் கூடாது" என்றே எழுத வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்து இரண்டாம் இடத்திலும் 'யாராவது' என்று இட்டால், தடை குழம்பிவிடும். அகரமுதலியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்போர் இதில் எளிதில் தவறுவர்.

எண்ணும் பாலும்

"எல்லோரும் வந்தனர்" என்பது பன்மை. ஆங்கிலத்தில் 'எவ்ரிவன்' ஒருமை வினையையே பெறும். "எவ்ரிவன் ஆர்" என்பது பிழை. ஆயினும் அதே சொல்லைப் பின்னர்ச் சுட்டும்போது, ஆண் பெண் என்று பிரிக்காத 'தே' என்ற பன்மைச்சொல் வருவதுண்டு. இது புதுவழக்கு என்று சிலர் கருதினும், 14 ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கிலத்தில் காணப்படுகிறது. தமிழில் இவ்விடத்தை 'அவர்' நிரப்புகிறது.