அடைக்கலப் பட்டணம்

போர்க்காலத்து மனிதர்கள் – 17

ஹிட்லரிடம் பணிந்து பிரான்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1940 ஜூன் 22 என்று சென்ற வாரம் பார்த்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாடே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. தெற்கே, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், லெ ஷாம்போன் என்ற மலையூரின் தேவாலயத்தில் போதகர்கள் ஆந்த்ரே த்ரோக்மே, எதுவார் தெய்ஸ் இருவரும் தங்கள் நிலையைச் சபையாரிடம் பட்டென்று சொன்னார்கள். மனசாட்சிக்கு விரோதமான கட்டளை வந்தால் கீழ்ப்படிய வேண்டாம். எதிர்த்து நில்லுங்கள், ஆயுதம் வேண்டாம், பகையும் வேண்டாம்.

இந்தப் பேச்சு அந்த ஊருக்குப் புரிந்ததற்குக் காரணம் உண்டு. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ஹூகெனாட் எனப்படும் பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகள். 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களுடைய வழிபாட்டுக்கே தடை போட்டான். போதகர்கள் தூக்கில் தொங்கினார்கள். மரி துரான் என்ற பெண் விசுவாசத்தை விட மறுத்ததற்காக 38 வருடம் கோபுரச் சிறையில் கிடந்தார். அரசாங்கம் வேட்டையாடினால் எப்படியிருக்கும் என்பது பாட்டன், பூட்டன் வழியாக அவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

1940-41 குளிர்காலத்தில் ஓர் இரவு. வெளியே கொட்டும் பனி. போதகர் த்ரோக்மே வீட்டுக் கதவைத் தட்டினாள் ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். கதவைத் திறந்த போதகரின் மனைவி மக்தா த்ரோக்மே விசாரணை எதுவும் நடத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு அடுப்பருகே உட்காரவைத்தார். பிறகு அவளுக்குத் தங்கும் அனுமதிச் சீட்டு வாங்கலாமென்று மேயரைப் பார்க்கப் போனார். மேயரோ, அந்நியர்களைச் சேர்த்து ஊரை ஆபத்தில் மாட்டிவிடாதே என்று கடிந்து அனுப்பிவிட்டார். இனி அதிகாரிகளிடம் கேட்டுப் பயனில்லை என்பது மக்தாவுக்கு அன்றே விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்களைப் பண்ணை வீடுகளும், விடுதிகளும், பள்ளியும் பங்கு போட்டுக்கொண்டன. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பண உதவி செய்தார்கள். ஆஸ்கர் ரோசோவ்ஸ்கி என்ற யூத இளைஞர் போலி அடையாள அட்டைகளைத் தயாரித்துத் தேனீப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார். சிலர் இரகசியமாக எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பழிவாங்க வருபவனுக்குத் தப்பி ஓடுகிறவன் ஒளிய வேதாகமம் சொல்லும் ‘அடைக்கலப் பட்டணம்’ அந்த மலையில் நிஜமாகவே எழுந்தது.

1942 ஜூலையில் பாரிஸில் சுமார் 13,000 யூதர்களைப் போலீஸ் பிடித்தது. அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஹிட்லருக்குப் பணிந்த பிரான்ஸின் விஷி அரசில் இளைஞர் துறைத் தலைமைச் செயலராக இருந்த லாமிராவிடம், இதைக் கண்டித்து மாணவர்கள் நேரிலேயே கடிதம் நீட்டினார்கள். சில நாளில் போலீஸ் பஸ்களோடு வந்து இறங்கியது. யூதர்களின் பட்டியல் கேட்டார்கள். த்ரோக்மே தர மறுத்தார். தேடியவர்கள் கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

1943 பிப்ரவரி 13 மாலை, த்ரோக்மேயைக் கைது செய்யப் போலீஸ்காரர்கள் வந்தபோது அவர் வீட்டில் இல்லை. காத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் அவர்களையும் மேஜையில் உட்காரவைத்துப் பரிமாறினார் மக்தா. சேதி பரவியதும் ஊரார் ஒவ்வொருவராக வந்து, அந்தப் பஞ்ச காலத்தில் தங்களுக்கே கிடைக்காத பொருள்களை வைத்துவிட்டுப் போனார்கள்: மத்தி மீன் டப்பா, மெழுகுவர்த்தி, சாக்லேட், ஒரு சுருள் கழிவறைக் காகிதம். த்ரோக்மேயைக் கொண்டுபோய் அடைத்த முகாமில் அந்தச் சுருளைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அதில் பென்சிலால் ஆறுதல் வேதவசனங்கள் எழுதியிருந்தன. விஷி அரசின் தலைவர் மார்ஷல் பெத்தேனுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்துப் போட்டால் விடுதலை என்றார்கள். த்ரோக்மேயும் அவரோடு கைதான தெய்ஸும் மறுத்தார்கள். ஆனாலும் சுமார் ஒரு மாதத்தில் விடுதலை கிடைத்தது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. போதகரின் உறவினர் தானியேல் த்ரோக்மே, தன் விடுதி மாணவர்களோடு 1943 ஜூனில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு நாஜிகளின் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் டாக்டர் ரோஜே லெ ஃபொரெஸ்தியே 1944 ஆகஸ்டில் கொல்லப்பட்டார்.

ஊரும் சுற்றுப்புறமும் அடங்கிய அந்த மலைப் பீடபூமியில் தஞ்சம் பெற்றவர்கள் 3,000 முதல் 5,000 பேர் வரை என்று வெவ்வேறு கணக்குகள் உண்டு. இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் 1990-இல் ஊர் மக்கள் அனைவரையும் சேர்த்தே கௌரவித்தது. புராட்டஸ்டண்டுகளோடு கத்தோலிக்கரும், நம்பிக்கையே இல்லாதவர்களும் இதில் கைகொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே வேதாகமத்தை வாசித்த எத்தனையோ சபைகள் அன்று ஐரோப்பாவில் வாய் திறக்கவில்லை. லெ ஷாம்போன்காரர்கள் வசனத்தைக் கேட்டதோடு நிற்காமல், சமையலறையிலும் தொழுவத்திலும் அதற்கு இடம் கொடுத்தார்கள். விசுவாசத்தை எடைபோட அதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியவில்லை.

(தொடரும்)

அடுத்த வாரம்: ஹிட்லரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய ஜெர்மானியப் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர்.