குழாய் முனையில் ஒரு சாய்வு

இரும்புக் குழாயை அறுத்தவுடன் அதன் முனை பிசிறோடும் கூர்மையாகவும் இருக்கும். அந்த விளிம்பைச் சாய்வாகச் சீவுவதைப் பட்டறைகளில் சாம்ஃபர் என்பார்கள். வெல்டிங்குக்காகச் சீவினால் அதுவே பெவல். பார்ப்பதற்கு அற்பமான வேலைதான்!

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் எரிவாயு விளக்குகள் பரவியபோது குழாய்களுக்குத் தட்டுப்பாடு. நெப்போலியன் போர்களில் மிஞ்சிய துப்பாக்கிக் குழல்களையே மரை போட்டு இணைத்துப் பயன்படுத்தினார்கள். (ஹார்டுவேர் கடைகளில் கேட்கும் 'பேரல் நிப்பிள்' அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்பார்கள்.) 1825இல் கார்னீலியஸ் வைட்ஹவுஸ், பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை அச்சின் வழியே இழுத்துக் குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு குழாய் மலிவானது. மரை வெட்டும் டை நேராகப் பிடிக்க, முனையில் சிறு சாய்வு வேண்டும். இல்லையென்றால் மரை கோணலாகும், வாயு கசியும்.

ஆனால் மரை வெட்டினால் குழாயின் சுவர் மெலிகிறது. அழுத்தம் மிகுந்த பெரிய எண்ணெய்க் குழாய்களுக்கு அது சரிவராது; வெல்டிங்தான் வழி. தடித்த குழாய்களின் முனைகளை நேராக வெட்டி ஒட்டவைத்தால், உருகிய உலோகம் மேலோடு நின்றுவிடும். உள்ளே ஒட்டாத கோடு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அழுத்தம் ஏறும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். அதனால் ஒவ்வொரு முனையையும் 30 பாகை சீவுவது வழக்கம். இரண்டும் சேர்ந்தால் 60 பாகைப் பள்ளம். அடியில் சுமார் 1.6 மி.மீ. மட்டும் சீவாமல் விடுவார்கள். கத்தி முனையாகச் சீவினால் உருகி ஓட்டை விழுந்துவிடும்.

இந்த இணைப்பு வேலைக்குப் பெரிய சோதனை 1942இல் வந்தது. டெக்சாஸ் எண்ணெயைக் கடல் வழியாக அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோன கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் வரிசையாக மூழ்கடித்தன. எனவே தரைவழியே 24 அங்குல விட்டத்தில், சுமார் 1,250 மைலுக்கு 'பிக் இஞ்ச்' குழாய்த்தொடர் போடப்பட்டது. ஒரு குழாய் 40 அடி என்று வைத்தால் சுமார் 1,65,000 இணைப்புகள்! 1942 ஆகஸ்டில் தொடங்கிய வேலை ஓராண்டில் முடிந்தது. போருக்குப் பின் 1947இல் அது டெக்சாஸ் ஈஸ்டர்ன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, இயற்கை எரிவாயு கொண்டுசெல்லும் குழாயாக மாறியது.