42-ஐ 07 ஆக்கிய கதை

2006. நொய்டாவில் வாடகை அறை. வோல்டேஜ் ஏறி இறங்கியதில் என் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. நல்ல வேளையாக 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் பிழைத்தது. முழுக்க ஒரே பார்ட்டிஷன். ஊரில் எடுத்த படங்களும், தாத்தா பேசியதைப் பதிவு செய்த ஒரு மணி நேர ஒலிக்கோப்பும் அதில்தான். தாத்தா முந்தைய வருஷம் காலமாகிவிட்டார். வேறு நகல் கிடையாது.

அறை நண்பனின் கம்ப்யூட்டரில் மாட்டினேன். டிஸ்க் இருப்பது தெரிந்தது, உள்ளே திறக்கவில்லை. காரணம் என் கைவேலைதான். சில மாதங்களுக்கு முன்னால் ஏதோ ஆர்வத்தில் அதை 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றியிருந்தேன். என்னிடம் இருந்தது எக்ஸ்பி புரொபஷனல், நண்பனிடம் இருந்தது எக்ஸ்பி ஹோம். ஹோமுக்கு டைனமிக் டிஸ்க் புரியாது. இன்னொரு புரொபஷனலில் மாட்டியிருந்தால் திறந்திருக்கும். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. 'பேசிக் டிஸ்க்காக மாற்று' என்று ஒரு வழி திரையில் இருந்தது. அழுத்தியிருந்தால் தாத்தாவின் குரல் போயிருக்கும்.

அந்த ராத்திரிதான் பார்ட்டிஷன் வகை என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1983 மார்ச்சில் ஐ.பி.எம். தன் பி.சி. எக்ஸ்.டி.யை வெளியிட்டது. 10 எம்பி ஹார்ட் டிஸ்க், கூடவே டாஸ் 2.0. ஒரே டிஸ்க்கை வெவ்வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் பங்கு போட்டுக்கொள்ள வசதியாக, முதல் செக்டரின் 512 பைட்டில் 64 பைட்டை ஓர் அட்டவணைக்கு ஒதுக்கினார்கள். நான்கே வரிகள், வரிக்கு 16 பைட். பங்கு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை. வகைக்கு ஒரே ஒரு பைட். ஹெக்ஸ் எண்ணில் என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு 07, லினக்ஸுக்கு 83, டைனமிக் டிஸ்க்குக்கு 42.

நம்ம ஊர் நிலக்கணக்கில் நஞ்சை, புஞ்சை என்று எழுதியிருப்பார்களே, அது மாதிரிதான் இந்த பைட். கணக்கில் எழுத்தை மாற்றினால் நிலம் நகர்ந்துவிடாது, விளைந்திருப்பதும் அழியாது. அதே சமயம், புஞ்சையை நஞ்சை என்று எழுதிவிட்டால் மட்டும் வயலில் தண்ணீர் வந்துவிடாது. 'டேட்டா போகாமல் வகையை மாற்றுவது' என்பதில் இப்படி இரண்டு வேலைகள் இருக்கின்றன: எழுத்தை மாற்றுவது ஒன்று, நிலத்தையே மாற்றுவது இன்னொன்று.

நிலத்தை மாற்றுவதுதான் கஷ்டம். 1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு என்.டி.எஃப்.எஸ். வந்தபோது, பழைய ஃபேட் பார்ட்டிஷனை மாற்ற 'கன்வெர்ட்' என்ற கட்டளையும் வந்தது. அது ஃபைல்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, காலியாக உள்ள இடத்தில் புதுப் பதிவேட்டை எழுதும். எல்லாம் முடிந்த பிறகுதான் பழையதை விட்டுப் புதியதுக்கு மாறும். அதனால்தான் டிஸ்க்கில் காலி இடம் கேட்கும். 1998-ல் விண்டோஸ் 98, ஃபேட்16-ஐ ஃபேட்32 ஆக்கும் கருவியோடு வந்தது. இரண்டுமே ஒருவழிப் பாதை. திரும்பி வர மைக்ரோசாஃப்ட் வழி கொடுக்கவில்லை.

அந்தக் குறையைத்தான் பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் பிடித்துக்கொண்டது. 1990களில் அது இல்லாத கம்ப்யூட்டர் மெக்கானிக் கிடையாது. அளவு மாற்றும், வகை மாற்றும். ஆனால் அதற்காக ஃபைல்களை இடம் மாற்ற வேண்டியிருக்கும். நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது :-( 2003-ல் சிமென்டெக் பவர்குவெஸ்ட்டை வாங்கியது, பிறகு மேஜிக்கும் நின்றுபோனது.

2000-ல் விண்டோஸ் 2000 கொண்டு வந்ததுதான் என்னைச் சிக்க வைத்த டைனமிக் டிஸ்க். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வசதிக்காக, கடைசி 1 எம்பியில் தனிக்கணக்கு எழுதி, முன்னால் உள்ள அட்டவணையில் 42 என்று குறித்துவிடும். போகும்போது டேட்டா பத்திரம். திரும்ப வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வா என்கிறது.

ஆனால் என் டிஸ்க்கில் நிலம் மாறவே இல்லையே! உள்ளே இருந்தது பழைய என்.டி.எஃப்.எஸ்.தான், அதுவும் ஒரே பார்ட்டிஷன். மாறியது கணக்கில் இருந்த எழுத்து மட்டும். முதலில் அந்த 512 பைட்டை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து வைத்தேன். தப்பானால் திருப்பி எழுதிவிடலாம். பிறகு ஹெக்ஸ் எடிட்டரில் 42-ஐ 07 ஆக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். டிரைவ் திறந்தது. தாத்தா இருமிவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

(எச்சரிக்கை: பல பார்ட்டிஷன் இருந்தாலோ, பல டிஸ்க்குகளைச் சேர்த்திருந்தாலோ இந்த வேலை பலிக்காது. கையை வைக்காதீர்கள்.)

1983-ன் அட்டவணைக்கும் காலம் முடிந்தது. 512 பைட் செக்டர்களை 32 பிட் எண்ணால் எண்ணினால் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் போக முடியாது. அதன் வாரிசான ஜி.பி.டி.யில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் வைக்கிறது. அட்டவணையின் இன்னொரு நகல் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். அந்த ஒரு நகல் 1983-லேயே இருந்திருந்தால் எத்தனை பேர் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்! 2017-ல் விண்டோஸ் 10-க்குள்ளேயே, டேட்டா போகாமல் பழைய அட்டவணையை ஜி.பி.டி. ஆக்கும் கட்டளை வந்தது. எதையும் எழுதுவதற்கு முன்னால் டிஸ்க் தகுதியானதா என்று சோதிக்கும், இல்லையென்றால் தொடாமல் விட்டுவிடும். 2021-ல் விண்டோஸ் 11 வந்து யு.ஈ.எஃப்.ஐ. கேட்டபோது பலருக்குக் கை கொடுத்தது இதுதான். இதுவும் ஒருவழிப் பாதைதான்.

இத்தனை வருஷக் கதையில் நான் கண்டது இதுதான். புதுக்கணக்கை முழுசாக எழுதி முடிக்கும் வரை பழைய கணக்கைக் கிழிக்காத கருவிதான் நல்ல கருவி. நமக்கும் அதே விதி.

தாத்தா குரல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குரல்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன? இன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.